வீட்டுக்குள் தொலைந்த வளர்ப்புப் பாம்பு: தேடிப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

கனடாவில் பிள்ளைகள் உள்ள தமிழ் வீடுகள் சிலவற்றில் நாய்க்கும் பூனைக்கும் பதிலாகக் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பாம்பு இருக்கிறது. பெரும்பாலும் இரண்டில் ஒன்று: அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த சோளப் பாம்பு, அல்லது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, பயந்தால் பந்துபோல் சுருளும் பால் பைதான் (ball python). இரண்டுக்கும் விஷம் கிடையாது. முழுதாக வளர்ந்தாலும் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அடிதான். இரண்டும் சாது. மூடி சரியாக மூடப்படாத ஓர் இரவில் இரண்டுமே தொட்டியைவிட்டு வெளியேறிவிடும்.

வெளியேறிய பாம்பு வீட்டைவிட்டே போயிருக்கும் என்று கலங்குபவர்கள்தான் அதிகம். தெருவெல்லாம் தேடுவார்கள், சுவரொட்டி ஒட்டுவார்கள். பாம்போ புத்தக அலமாரிக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும். 2011 மார்ச்சில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்கியல் பூங்காவில் ஓர் இளம் எகிப்திய நாகம் கூண்டிலிருந்து காணாமல் போனபோது உலகமே அதைப் பற்றிப் பேசியது. அது மன்ஹாட்டனைச் சுற்றிப் பார்ப்பதாக இணையத்தில் கேலிப் பதிவுகள் குவிந்தன. பூங்கா நிர்வாகம் பதறாமல் ஊர்வனக் கட்டடத்தைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தது. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து அதே கட்டடத்தின் இருட்டு மூலை ஒன்றில் பாம்பு கிடைத்தது. வீட்டுப் பாம்பின் கதையும் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். அதற்கு வேண்டியவை மூன்று: வெப்பம், இருட்டு, உடலை எல்லாப் பக்கமும் அணைக்கும் இடுக்கு. மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் வீட்டில் எங்கே இருக்கிறது என்று யோசிப்பதுதான் தேடலில் பாதி. மீதிப் பாதி, அப்படி ஓர் இடத்தை நீங்களே செய்து வைத்துவிட்டுக் காத்திருப்பது.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இந்த வழிகாட்டி, இனம் தெரிந்த, விஷமற்ற, உங்கள் சொந்த வளர்ப்புப் பாம்புக்கு மட்டும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வீட்டுக்குள் பாம்பு ஒன்று தென்பட்டால் அது யாருடைய செல்லப்பிராணியும் அல்ல. நாகமாகவோ கட்டுவிரியனாகவோ கண்ணாடிவிரியனாகவோ சுருட்டைவிரியனாகவோ இருக்கலாம். கீழே சொல்லியிருப்பதுபோல அலமாரிக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவினால் உயிருக்கே ஆபத்து. அங்கே விலகி நின்று, வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளருக்கோ சொல்லுங்கள். இந்தியாவில் உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதே 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

முதலில் தொட்டிக்குள்ளேயே தேடுங்கள்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் செய்யுங்கள். பாம்பு ‘தொலைந்த’ வீடுகள் பலவற்றில் அது தொட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை. தரையில் பரப்பிய மரத்தூளுக்கு அடியில், தண்ணீர்க் கிண்ணத்தின் கீழ், போலி வேரின் பொந்துக்குள், பின்சுவரில் ஒட்டிய அலங்காரப் பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் என்று அது புதைந்து கிடக்கும். குறிப்பாகச் சட்டை உரிக்கும் நாள் நெருங்கும்போது பாம்பு வெளியே தலைகாட்டாது. தொட்டியிலுள்ள ஒவ்வொரு பொருளையும் வெளியே எடுத்துவையுங்கள். மரத்தூளை விரல்களால் கிளறுங்கள். பொந்துள்ள மரக்கட்டையைக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

உள்ளே இல்லை என்பது உறுதியானால், எந்த வழியே போனது என்று பாருங்கள். மூடி விலகியதா, கம்பி நுழையும் துளையா, வலையின் ஓரம் நெகிழ்ந்ததா? தலை நுழையும் இடைவெளியில் உடலும் நுழைந்துவிடும் என்பது பாம்பு வளர்ப்போர் எல்லோரும் அறிந்த விதி. பென்சில் தடிமனே உள்ள சோளப் பாம்புக் குட்டிக்கு விரல் நுழையாத இடுக்கும் வாசல்தான். வழி தெரிந்தால் திசையும் ஓரளவு தெரியும். தொட்டியின் பின்பக்கத் துளை வழியே போயிருந்தால், சுவரோரமாகத்தான் இறங்கியிருக்கும். எடுத்த பொருட்களைப் பழையபடி தொட்டிக்குள் வைத்து, அதைத் திறந்தே வையுங்கள், சூடேற்றியை அணைக்காதீர்கள். தானாகத் திரும்பி வரும் பாம்புகளும் உண்டு.

அறையை அடைத்துவிடுங்கள்

பாம்பு இருந்த அறையின் கதவை மூடி, கதவின் கீழ் இடைவெளியில் ஈரமில்லாத துண்டைச் சுருட்டி அடைத்துவிடுங்கள். குழந்தை தூங்கும் அறைக்கும் அப்படியே செய்யுங்கள். நாயையும் பூனையையும் வேறு அறையில் விடுங்கள். பூனையைப் பிறகு வேண்டுமானால் கவனிக்கலாம்: அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அதன் அடிப்பகுதியையே வெறித்துக்கொண்டிருக்கும் பூனை பல நேரங்களில் சரியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

கழிப்பறை மூடியை மூடி வையுங்கள். துணி உலர்த்தும் ட்ரையரை இயக்குமுன் உருளைக்குள் கையைவிட்டுப் பாருங்கள், அழுக்குத் துணிக் கூடையை ஒவ்வொரு துணியாக உதறிய பிறகே சலவை இயந்திரத்தில் போடுங்கள். சாய்வு சோபா இருந்தால் பாம்பு கிடைக்கும்வரை யாரும் அதைச் சாய்க்கக் கூடாது. உள்ளிருக்கும் இரும்புக் கைகள் மடங்கும்போது நசுங்கிய பாம்பைக் காப்பாற்றுவது மிகவும் கடினம். தூசி உறிஞ்சும் வேக்குவம் கிளீனரையும் தொடாதீர்கள்.

வீட்டாரிடம் உண்மையைச் சொல்லுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். நாகத்தையும் விரியனையும் பார்த்து வளர்ந்த அம்மம்மாவிடம் ‘பாம்பைக் காணவில்லை’ என்று பேரன் எப்படிச் சொல்வான்? ‘இந்த வீட்டில் ஒன்றில் நான் இருக்கவேண்டும், இல்லையென்றால் அது இருக்கவேண்டும்’ என்று அவர் பெட்டியைக் கட்டிவிடுவார். ஆனால் சொல்லாமல் விட்டால் நடப்பது அதைவிட மோசம். இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவர் சமையலறையில் அதைப் பார்த்துத் துடைப்பக் கட்டையை எடுத்துவிடுவார். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று கேட்டு வளர்ந்தவரை அதற்காகக் குறை சொல்ல முடியாது.

எனவே எல்லோரையும் உட்காரவைத்துப் பாம்பின் படத்தைக் காட்டுங்கள். நிறம், நீளம், விஷமில்லை என்ற செய்தி, பார்த்தால் என்ன செய்யவேண்டும் என்பது: இவ்வளவு போதும். பார்த்தவர் செய்யவேண்டியது மிகச் சுலபம். அருகில் போகாமல், கண்ணை எடுக்காமல், அந்த இடத்திலேயே நின்றுகொண்டு உங்களைக் கூப்பிட வேண்டும். முடிந்தால் ஒரு பிளாஸ்டிக் கூடையை அதன்மேல் கவிழ்க்கலாம்.

கூடவே நம் வீட்டு வைத்தியங்களையும் தடுத்துவிடுங்கள். பூண்டுத் தண்ணீர், பெருங்காயம், பினாயில், நாப்தலின் உருண்டை எதையும் மூலைகளில் போட விடாதீர்கள். நமக்கு வேண்டியது பாம்பு வெளியே வருவது. இவற்றால் அது வராது. நாப்தலின் ஆவி பாம்புக்கும் குழந்தைகளுக்கும் கேடு. கிண்ணத்தில் பால் வைப்பதிலும் பயனில்லை. தண்ணீர் வையுங்கள், அதற்குத்தான் பாம்பு வரும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கட்டட மேலாளரிடமும் இரு பக்கத்து வீடுகளிலும் அன்றே சொல்லிவிடவேண்டும். குழாய்கள் போகும் பொதுப் பள்ளம் வழியே பாம்பு அடுத்த வீட்டுக் குளியலறையில் முளைப்பது நடக்கக்கூடியதுதான். வெட்கப்பட்டு மறைப்பவர்களின் பாம்புதான் அடிபட்டுச் சாகிறது.

நகரத்தின் சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். டொராண்டோவில் விஷப் பாம்புகளுக்கும், வளர்ந்தால் மூன்று மீட்டரைத் தாண்டும் பாம்பினங்களுக்கும் தடை உண்டு. அந்தத் தடை வெறும் பயத்தில் போட்டதல்ல. 2013 ஆகஸ்டில் நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் காம்பெல்டன் நகரில் ஓர் ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு, ஊர்வனக் கடைக்கு மேலிருந்த குடியிருப்பில் தன் கூண்டிலிருந்து காற்றுக்குழாய் வழியே புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் கொன்றது. உங்களிடம் இருப்பது அத்தகைய பெரிய இனமாகவோ விஷப் பாம்பாகவோ இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, வீட்டைக் காலிசெய்து, உடனே அவசர உதவிக்கு அழையுங்கள்.

முதல் சில மணி நேரம்: அந்த அறை மட்டும்

பாம்பு திறந்த வெளியில் நடுத்தரையைக் கடந்து போக விரும்பாது. சுவரை ஒரு பக்கம் உரசிக்கொண்டு, முதலில் வரும் இடுக்குக்குள் நுழையும். நீங்களும் அப்படியே தேடுங்கள்: தொட்டியில் தொடங்கிச் சுவரோரமாக ஒரே திசையில் அறையைச் சுற்றி வாருங்கள். பார்த்த இடத்தைப் பார்த்தாயிற்று என்று குறித்துக்கொண்டே போங்கள். அங்குமிங்கும் தாவித் தேடுவதில் நேரம்தான் போகும்.

உயரத்தை மறக்காதீர்கள். பால் பைதான் பெரும்பாலும் தரையிலேயே இருக்கும். அலமாரியின் அடி, கட்டிலின் அடி, செருப்புகளின் உள்பக்கம் எல்லாம் அதற்கு ஏற்ற இடங்கள். சோளப் பாம்பு ஏறும். திரைச்சீலையின் மடிப்பு, புத்தகங்களுக்குப் பின்னால் உள்ள வெற்றிடம், சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம்வரை அது போகும். மேசை இழுப்பறைகளை வெளியே இழுத்து எடுத்துவிட்டுப் பாருங்கள். பாம்பு இழுப்பறைக்குள் இருப்பதைவிட, இழுப்பறைக்கும் மேசையின் பின்பலகைக்கும் நடுவே உள்ள சந்தில் இருப்பதே அதிகம். இழுக்கும்போது மெதுவாக, ஒரு கையால் பின்பக்கம் தடவிக்கொண்டே இழுங்கள்.

சோபாவுக்கு வருவோம். அதைக் கவிழ்த்தால் அடியில் மெல்லிய கறுப்புத் துணி ஒன்று ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் ஒரு மூலை கிழிந்திருந்தால் பாம்பு உள்ளே ஏறிச் சுருள்கம்பிகளுக்கு நடுவே படுத்திருக்கலாம். துணியை வெளியிலிருந்து உள்ளங்கையால் தடவினால் பாரமான ஒரு தொங்கல் தட்டுப்படும். இல்லையென்றால் ஓர் ஓரத்தைக் கத்தரித்துப் பார்த்துவிடுங்கள், சோபாவைத் தைத்துக்கொள்ளலாம்.

புலம்பெயர்ந்தோர் வீடுகளுக்கென்றே ஒரு தனி இடம் உண்டு: பேஸ்மென்டில் அடுக்கி வைத்திருக்கும் பயணப் பெட்டிகள். அடுத்த ஊர்ப் பயணத்துக்காகப் பாதி நிரம்பி, ஜிப் முழுதும் மூடப்படாமல் கிடக்கும் பெட்டிக்குள் இருட்டும் உண்டு, மென்மையான துணியும் உண்டு. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, வெளிப்பைகளையும் சக்கரத்தின் குழியையும் பாருங்கள். அரிசி மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே, மடித்து வைத்த கம்பளிகளுக்குள், பூசை அறை மேடையின் அடியில் என்று இதே கண்ணோடு பார்த்துக்கொண்டே போங்கள்.

வெப்பத்தின் பின்னால் போங்கள்

முதல் அறையில் இல்லையென்றால், வீட்டில் எவையெவை சூடாக இருக்கின்றன என்று யோசியுங்கள். குளிர்சாதனப்பெட்டி முதலில். உள்ளே குளிர்ந்தாலும் அதன் பின்பக்க அடியில் கம்ப்ரஸர் இருக்கும் இடம் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். இருட்டும் இடுக்கும் கூடவே கிடைக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இருவர் சேர்ந்து பெட்டியை இம்மி இம்மியாக முன்னே நகர்த்துங்கள். தரையோடு இழுத்தால் அடியிலிருக்கும் பாம்பு சிக்கும். ஒருவர் நகர்த்த, மற்றவர் டார்ச்சோடு தரையில் படுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பின்பக்க அட்டை மூடியைக் கழற்றிக் கம்ப்ரஸரைச் சுற்றியும், நீர் சொட்டும் தட்டின் மேலும் பாருங்கள்.

அடுத்து அடுப்பின் கீழ் இழுப்பறை, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் அடி, இணைய மோடமும் தொலைக்காட்சிப் பெட்டியும் இருக்கும் அலமாரியின் பின்புறம், சுடுநீர்த் தொட்டி, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருக்கும் அறை. சமையலறை அலமாரிகளின் கீழே பாதம் படும் இடத்தில் ஒரு பலகை உண்டு. அதன் ஓரங்களில் பெரும்பாலும் இடைவெளி இருக்கும்; அதற்குப் பின்னால் அலமாரி நீளத்துக்கும் ஓர் இருட்டுச் சுரங்கம். அந்தப் பலகை பல வீடுகளில் கையால் இழுத்தாலே வந்துவிடும். பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ்க் குழாய்கள் சுவருக்குள் நுழையும் துளைகளையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பக் கேமரா வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பாம்பின் உடல் சுற்றுப்புற வெப்பநிலையிலேயே இருப்பதால் அது சுவரோடு சுவராகத்தான் தெரியும். அசைவைக் கண்டு படமெடுக்கும் கேமராக்களிலும் பல, சூடான உடல் அசைந்தால்தான் விழித்துக்கொள்ளும், பாம்பைக் கோட்டைவிட்டுவிடும். அந்தப் பணத்துக்குக் கைப்பேசியில் மாட்டும் வளையும் குழாய்க் கேமரா ஒன்று வாங்குங்கள். சுவர் இடுக்கையும் அலமாரியின் பின்புறத்தையும் எட்டிப்பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை.

இரவு உங்களுக்குச் சாதகம்

இருட்டிய பிறகுதான் பால் பைதான் நடமாடும். சோளப் பாம்பும் மாலை மயங்கியபின் இரவிலும் விடியலிலும் கிளம்பும். வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்து, எல்லோரும் படுத்து ஓரிரு மணி நேரம் கழித்து, மங்கலான டார்ச்சோடு சத்தமில்லாமல் சுவரோரங்களைப் பார்த்து வாருங்கள். பகல் முழுதும் தேடியும் கிடைக்காத பாம்பு, நள்ளிரவில் நடைவழியின் ஓரத்தில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும்.

எந்த அறையில் இருக்கிறது என்பதே தெரியவில்லையா? அரிசிமாவு போதும். ஒவ்வொரு கதவின் நிலையிலும், படிக்கட்டின் முதற்படியிலும் குறுக்காக ஒரு கோடு இழுங்கள். கோலம் போடத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவரிடமே விட்டுவிடுங்கள்: கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைக் கிள்ளிப் பிடித்து, இரண்டு விரல் அகலத்தில், கீழே தரை தெரியும் அளவுக்கு மெல்லியதாக அவர் இழுக்கும் கோடு நம்மைப் போன்றோர் கொட்டும் மாவைவிடத் துல்லியமாகப் பேசும். பாம்பு கடந்திருந்தால் கோடு ஓரிடத்தில் வழுவழுப்பாகத் துடைக்கப்பட்டு, போன பக்கமாக மாவு மெல்லிய வளைவாக இழுபட்டிருக்கும். எலி கடந்திருந்தால் புள்ளிகள்தான் இருக்கும். அது வேறு பிரச்சினை. (பாம்புக்குப் பயந்திருந்த பாட்டிமார் இந்த வேலையில் இறங்கிய பிறகு, காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து கோட்டைப் பார்க்கப் போவார்கள் என்பது கூடுதல் லாபம்.) வாசனைப் பவுடர் வேண்டாம். காலையில் கோடு கலைந்திருக்கும் அறையை அடைத்துவிட்டு அங்கே மட்டும் தேடுங்கள்.

மாவு பிடிக்காதவர்கள், கசக்கினால் சத்தம் எழும் மெல்லிய பிளாஸ்டிக் பைகளைச் சுவரோரமாகப் போட்டுவிட்டு அந்த அறையில் படுக்கலாம். தூக்கம் லேசானவர்களுக்கு மட்டும்.

தேடுவதை நிறுத்திவிட்டு வரவழையுங்கள்

இரண்டு மூன்று நாளாகியும் கிடைக்கவில்லையென்றால், வீட்டைப் புரட்டிப் போடுவதால் இனிப் பெரிய பயனில்லை. ஓயாத அதிர்வும் வெளிச்சமும் பாம்பை இன்னும் ஆழமான இடுக்குக்குத்தான் தள்ளும். இப்போது வீட்டைக் கொஞ்சம் குளிரவிட்டு, ஓர் இடத்தை மட்டும் சூடாக்கவேண்டும்.

இரவில் வீட்டு வெப்பத்தை 19 அல்லது 20 டிகிரி செல்சியஸுக்கு இறக்குங்கள். அதற்கும் கீழே வேண்டாம். பால் பைதான் குளிர் தாங்காது. ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து, பக்கவாட்டில் பாம்பு தாராளமாக நுழையும் அளவுக்கு ஒரு துளை வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். உள்ளே செய்தித்தாள், பாம்பின் தொட்டியிலிருந்து எடுத்த பழைய மரத்தூள் ஒரு கைப்பிடி, பாதி அடிப்பக்கத்துக்குக் கீழே சூடேற்றும் விரிப்பு. விரிப்பைக் கட்டாயம் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு இணைத்து 30 டிகிரியில் நிறுத்துங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத விரிப்பு பாம்பைச் சுட்டுவிடும். சூடேற்றும் பல்பைத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள், வீடு பற்றிக்கொள்ளும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி, துளை சுவரோரமாகப் பார்க்கும்படி வையுங்கள். பக்கத்தில் ஒரு தட்டையான கிண்ணத்தில் தண்ணீர். கனடாவின் குளிர்காலத்தில் ஃபர்னஸ் ஓடும் வீட்டுக் காற்று எலும்புபோல் உலர்ந்திருக்கும். பசியைவிடத் தாகமே பாம்பை முதலில் வெளியே கொண்டுவரும்.

வாசனையும் ஒரு வலைதான். உறைந்த எலியை வெந்நீரில் வைத்து முழுதும் உருக்கி, மாலையில் பெட்டிக்குள் வையுங்கள். விடிந்ததும் எடுத்து எறிந்துவிடுங்கள். கெட்டுப்போன எலி பாம்பின் வயிற்றைக் கெடுக்கும். பிராங்க்ஸ் பூங்காவினரும் எலிகளின் கூண்டிலிருந்து எடுத்த மரத்தூளைத்தான் வாசனைக்காகப் பயன்படுத்தினார்கள். எலி காணாமல் போயிருந்தால் மகிழ்ச்சி: பாம்பு வந்துபோயிருக்கிறது, இரை செரிக்க அருகிலேயே சூடான இடத்தில் படுத்திருக்கும். அன்று பகலிலேயே அந்தச் சுற்றுவட்டத்தை மறுபடி தேடுங்கள்.

நுழைந்த பாம்பு வெளியேறாமல் இருக்க, தூண்டில் கடைகளில் சிறு மீன் பிடிக்க விற்கும் இருபுறமும் புனல் வைத்த கம்பிக்கூடு நல்லது. புனலின் வாய் பாம்பின் தடிமனுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும், கம்பி முனைகள் மழுங்கியிருக்கவேண்டும். காலையும் மாலையும் போய்ப் பாருங்கள். எலிக்கு வைக்கும் ஒட்டுப் பலகையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் வைத்திருந்தால் அவற்றை எல்லாம் அன்றே அகற்றுங்கள். அதில் சிக்கிய பாம்பைப் பிய்த்தெடுத்தால் தோலோடு வரும். சமையல் எண்ணெயை ஊற்றி ஊற்றி, விரலால் மெல்ல நெகிழ்த்துத்தான் எடுக்கவேண்டும்.

காற்றுக்குழாயும் சுவரும்

வட அமெரிக்க வீடுகளின் தரையிலிருக்கும் சூடுகாற்றுத் துவாரங்கள் பாம்புக்குப் பெரிய வரவேற்பு. மேலிருக்கும் இரும்புச் சட்டத்தைக் கையால் தூக்கினாலே வந்துவிடும். குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பாருங்கள். இல்லையென்று உறுதியான துவாரங்களில் சட்டத்தின் கீழே கொசுவலைத் துண்டை வைத்து மூடுங்கள். காற்று வரும், பாம்பு போகாது. குழாய்க்குள் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஃபர்னஸை நிறுத்திவிட்டு, வடிகட்டி செருகும் இடத்தையும் விசிறி அறையையும் திறந்து பாருங்கள். ஃபர்னஸை ஒட்டிய குழாயில் காற்றின் சூடு பாம்பு தாங்கும் அளவைத் தாண்டிவிடும். கடுங்குளிர் நாளில் ஃபர்னஸை நெடுநேரம் நிறுத்தவும் முடியாது, தண்ணீர்க் குழாய்கள் உறைந்துவிடும். எனவே இந்தச் சோதனையை விரைந்து முடியுங்கள்.

சுவருக்குள் போய்விட்டது என்று தெரிந்தவுடன் சுத்தியலைத் தூக்காதீர்கள். நுழைந்த துளையின் வாயிலேயே சூடான பெட்டியை வைத்து, அறையை இருட்டாக்கிவிட்டுச் சில இரவுகள் காத்திருங்கள். சுவரை உடைப்பது, வெளிச்சுவரின் உள்ளே பால் பைதான் மாட்டிக்கொண்டு வெளியே உறைபனி கொட்டும்போது மட்டும். அதுவும் இடத்தைக் கேமராவில் கண்ட பிறகு.

எவ்வளவு காலம் நம்பலாம்?

நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த பால் பைதான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். வளர்ப்பவர்கள் இதைத் தொட்டியிலேயே பார்த்திருப்பார்கள். சோளப் பாம்பு தன் தாய்நிலத்தில் குளிர்காலத்தை அசையாமல் கழிக்கும் இனம் என்பதால், குளிர்ந்த பேஸ்மென்ட் மூலையில் பனிக்காலம் முழுதும் உறைந்தவன்போல் கிடந்துவிட்டு, வசந்தத்தில் ஒருநாள் படியேறி வந்த கதைகள் உண்டு. குட்டிகளுக்குத்தான் அவகாசம் குறைவு. ஆகவே சூடுபெட்டியையும் தண்ணீரையும் அகற்றாமல் வைத்திருங்கள். வழியில் எங்காவது புதிதாக உரித்த சட்டை கிடைத்தால் பாம்பு உயிரோடு இருக்கிறது, அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சுவற்றோரத்தில் வெள்ளைக் கட்டியோடு கூடிய எச்சமும் அதையேதான் சொல்லும்.

கிடைத்ததும்

வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். இடுக்கில் பாதி நுழைந்த பாம்பு உடலை விரித்துச் செதில்களால் பற்றிக்கொள்ளும். இழுத்தால் முதுகெலும்புதான் பிசகும். வெளியே உள்ள பகுதியை இரு கைகளாலும் தளர்வாகத் தாங்கிக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். அது தானாக இறுக்கம் தளர்த்தும் கணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். திறந்த இடத்தில் கண்டால் ஒரு துண்டை மேலே போட்டு, நடு உடலைத் தாங்கித் தூக்கித் தலையணை உறைக்குள் விடுங்கள். பயந்த பாம்பு கடிக்கலாம். முள் கீறியதுபோல் இருக்கும், சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

தொட்டிக்குள் விடுமுன் உடல் முழுதும் பாருங்கள்: தீக்காயம், தூக்கிய செதில், வாயோரத்தில் நுரை, மூச்சு விடும்போது சீறல். வாயைத் திறந்து மூச்சுவிட்டால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் போகவேண்டும். வீட்டில் எலி விஷம் வைத்திருந்து, பாம்பின் வயிறு புடைத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றபடி, கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை அதன் வயிறு நனையும் ஆழத்துக்கு மட்டும் வைத்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடுங்கள், குடிக்கும். பிறகு ஒரு வாரம் தொந்தரவு செய்யாமல் விட்டு, வழக்கத்தைவிடச் சிறிய எலியாகக் கொடுத்துத் தொடங்குங்கள்.

தொட்டியைச் சரிசெய்வது

தப்பித்த பாம்பு மறுபடியும் அதே இடத்தை மூக்கால் முட்டிப் பார்க்கும். மூடியின் மேல் கனமான புத்தகம் வைப்பது பூட்டாகாது. வளர்ந்த பாம்பு தசையால் தள்ளி அதை நகர்த்திவிடும். நாற்புறமும் கிளிப், சறுக்குக் கண்ணாடியானால் சிறு பூட்டு, கம்பி நுழையும் துளைக்கு மீன்தொட்டிக்குப் போடும் சிலிக்கான். உள்பக்கத்தில் டேப் ஒட்டாதீர்கள், செதில் ஒட்டிக்கொள்ளும்.

தொட்டியில் எதை மாற்றினாலும் இடைவெளிகளை மறுபடி பாருங்கள். 2022 அக்டோபரில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், ஸ்கான்சென் வளாகத்திலுள்ள உயிரினக் காட்சியகத்தில் ஒரு ராஜநாகம் கூரையிலிருந்த விளக்கின் பொருத்தி வழியே தப்பியது. முன்பு அங்கே சூடான பல்பு இருந்ததால் பாம்பு அதன் பக்கமே போகவில்லை. மின்சாரம் சேமிக்கும் குளிர்ந்த விளக்கை மாற்றிய பிறகுதான் அந்த இடுக்கு அதற்கு வழியானது. ஊழியர்கள் எக்ஸ்ரே கருவிகொண்டு சுவர்களைத் துருவினார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் பாம்பு வந்த வழியே தன் தொட்டிக்குத் திரும்பிவிட்டது.

சில பாம்புகள் தப்பிப்பதற்குத் தொட்டியே காரணமாக இருக்கும். ஒரு முனையில் சூடும் மறுமுனையில் குளிர்ச்சியும் இருக்கவேண்டும், இரு முனையிலும் ஒவ்வொரு பதுங்கிடம் வேண்டும். சூடான முனை பால் பைதானுக்கு 31 முதல் 33 டிகிரி, சோளப் பாம்புக்கு 28 முதல் 30 டிகிரி. தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றால் அளந்து பாருங்கள். எண்கள் சரியாக இருந்தும் பாம்பு இரவெல்லாம் கண்ணாடியோரம் அலைகிறதென்றால், அது வளர்ந்த ஆண் சோளப் பாம்பாகவும் வசந்தகாலமாகவும் இருக்கலாம். அது இணை தேடும் பருவம். அந்த வாரங்களில் மட்டும் படுக்கப் போகுமுன் கிளிப்புகளை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.